பட்டியலில் அறுபத்தெட்டாம் எண்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அல்மாட்டி நகரத்தில் மலைகளைக் காணவில்லை. பனிமூட்டமும் புகையும் சேர்ந்து தெருக்கோடி வரை இறங்கியிருந்தன. கார் சேவை நிலையத்தின் இரண்டாம் மாடியில் ரௌஷான் விளக்கைப் போட்டாள். மேஜையில் பட்டியல் காத்திருந்தது. வண்டி வாங்கிய இருநூற்றுப் பதினான்கு பேரின் பெயர்கள்.

அந்தப் பட்டியல் சும்மா வரவில்லை. போன வாரம் தலைமை அலுவலகத்துக்காரர்கள் திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, நிலையத்தின் இயக்குநர் தௌலெத்கான், "இதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்க புகார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் ரௌஷானுக்குக் கைநாகா. அதாவது கணவனின் அண்ணன். அவர் முடித்ததை அந்தக் குடும்பத்தில் எந்த மருமகளும் மறுபடி தொடங்கியதில்லை.

அன்று ரௌஷான் எழுந்தாள். தன் நீல நோட்டைத் திறந்தாள். பதினொரு பேர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் படித்தாள். கூட்டம் முடிந்தபோது, விற்ற லூமெரா வண்டிகள் அத்தனையையும் பழுது பார்க்கத் திரும்ப அழைப்பது என்று முடிவாகியிருந்தது.

லூமெரா சின்ன உருவம், பெரிய மதிப்பு உள்ள ஜீப். அதை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திய நாளில் மிட்டாய் வாரி இறைக்காத குடும்பம் கிடையாது. இருக்கையின் அடியில் சிக்கிய மிட்டாய்களை மெக்கானிக்குகள் இன்னும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு ஆசையாக வாங்கிய வண்டியைப் பற்றிப் புகார் சொல்வது லேசல்ல. சொல்பவருக்கே தன் மேல் கோபம் வரும். அதனால் திரை உறைந்துபோகிறது, இருக்கை கீச்சிடுகிறது என்று ஆரம்பிப்பார்கள். வரவேற்பில் இருந்த மற்றவர்கள் அதை எழுதிக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள். ரௌஷான் வைக்கமாட்டாள். "அப்புறம்?" என்றும் கேட்கமாட்டாள். பேசாமல் இருப்பாள். அரை நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். மனிதர்கள் உண்மையில் எதற்குப் பயந்தார்கள் என்பது அந்த அரை நிமிடத்தின் கடைசியில்தான் வரும்.

பல் மருத்துவர் ஒருவர், "மாடிப்படி மேல கால வெச்சு அழுத்தின மாதிரி இருந்துச்சு" என்றார். இசைப் பள்ளி ஆசிரியை, "பியானோ மிதி இறுகிப்போன மாதிரி" என்றாள். கோர்தாய் கணவாயின் உச்சியில் உணவுக்கடை நடத்தும் கம்ஷத், "ராத்திரி வெளிய மறந்துட்ட மாவு மாதிரி. அமுக்குறேன், போகமாட்டேங்குது" என்றாள். பதினொரு பேரும் பதினொரு விதமாகச் சொன்னது ஒன்றைத்தான். கடுங்குளிரில், நீண்ட இறக்கத்தில், பிரேக் மிதி கல்லாகிவிடுகிறது.

அதை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் படித்து வந்த பொறியாளர்கூட இல்லை. மூன்று மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் கண்டுபிடித்தாள்.

ஒன்பது மணிக்கு ஜானெல் வந்தாள். இருபத்து நான்கு வயது, வாய் ஓயாது. ரௌஷான் பெயரையும் எண்ணையும் வாசிப்பாள், ஜானெல் போன் போட்டு ரௌஷானிடம் கொடுப்பாள். அப்படித்தான் ஏற்பாடு.

"அக்கா, முதல் ஆளே அந்தப் பல் டாக்டர். பயமா இருக்கு."

"போடு."

பல் மருத்துவர் முழுவதையும் கேட்டார். "சின்ன வால்வு, நாப்பது நிமிஷ வேலை, காசு வேண்டாம். அதானே? நானும் பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி இதே குரல்லதான் பேசுவேன்."

"அது வரைக்கும் மலைப்பாதையில இறங்காதீங்க, டாக்டர்."

"இறங்கமாட்டேன். ஆமா, நான் சொன்ன மாடிப்படிய எழுதி வெச்சிருந்தீங்களா?"

"அப்படியே."

"என் பொண்டாட்டிகூட நம்பலை" என்றார் அவர், மெதுவாக.

அடுத்தவர் ஓய்வுபெற்ற கர்னல். பிரேக்கைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. "அத விடுங்க. வண்டியோட மேப் திரை என்ன சொல்லுது தெரியுமா? நான் மாஸ்கோவில இருக்கேனாம். மூணு மாசமா நான் மாஸ்கோவில இருக்கேன். என் சம்சாரம் கேக்கறா, அங்க யாரு இருக்கான்னு."

ஜானெல் வாயைப் பொத்திக்கொண்டு மேஜையில் கவிழ்ந்தாள். ரௌஷான் சிரிக்கவில்லை. "அதையும் பார்க்கச் சொல்றேன், கர்னல். ஆனா முதல்ல பிரேக். திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க."

"உத்தரவு" என்றார் கர்னல்.

கம்ஷத் கடையின் தொலைபேசியில் பேசினாள். கணவாயில் கைபேசி எடுக்காது. பின்னால் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. "அப்பவே சொன்னேன்ல, மாவு மாதிரின்னு! என் புருஷன் என்னை மாவுப் பைத்தியம்னான். இப்ப நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க. இருங்க, கூப்பிடறேன். ஏய்!"

அவனிடமும் சொன்னாள் ரௌஷான்.

இப்படியே அறுபத்தேழு வரை போயிற்று. அறுபத்தெட்டில் அவள் கண் நின்றது.

நுசிப்பெக் கம்பாருலி. அவளுடைய மாமனார்.

எழுபதாவது பிறந்தநாளுக்கு மூத்த மகன் தௌலெத்கான் வாங்கிக் கொடுத்த வெள்ளை லூமெரா. வீடு இளைய மகனுடையது, அதாவது ரௌஷானின் கணவனுடையது. அவன் கடலோர எண்ணெய் வயலில் பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் வீடு என்று இருந்தான். ஆக, அந்த வீட்டில் மாமனாருக்குத் தேநீர் ஊற்றுவதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் ரௌஷான்தான். பதினாறு வருடமாக. அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை.

புகுந்த வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. நகரத்தில் பலர் விட்டுவிட்டார்கள். ரௌஷான் துர்கிஸ்தான் பக்கத்துப் பெண். அவளுக்கு அது சட்டமாகக்கூடத் தோன்றவில்லை, நாக்கு அப்படித்தான் வளர்ந்திருந்தது. மாமனார் 'அத்தா'. கைநாகாவுக்கு அவள் வைத்த பெயர் 'மிர்சா ஆகா'. மருத்துவமனையில் நோயாளியின் பெயர் கேட்டால் காகிதத்தில் எழுதி நீட்டுவாள். கணவன் கேலி செய்வான்.

வாசிக்க வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை. சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் வண்டியைச் சந்தைக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் தவிர எங்கே எடுக்கிறார்?

"அடுத்தது அறுபத்தொன்பது" என்றாள்.

ஜானெல் போன் போட்டாள்.

மதியம் ஒன்று பத்துக்குக் கடைசி அழைப்பும் முடிந்தது. ஆண்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார்கள், தௌலெத்கானும்தான். கட்டடம் அமைதியாக இருந்தது. ஜானெல் டிக் அடித்தவற்றை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அக்கா, இருநூத்திப் பதிமூணுதான் வருது."

"ஒண்ணு நான் வீட்ல சொல்லிக்கறேன்."

"யாரு? ஓ, அத்தாவா?" ஜானெல் சிரித்தாள். "ஏன், இப்பவே சொல்லிடுங்களேன். எல்லாருக்கும் சொல்லிட்டு நம்ம வீட்டு ஆளை விட்டா எப்படி?"

அவள் சொல்வது சரிதான். ரௌஷான் மாமனாரின் கைபேசிக்கு அடித்தாள். எடுத்தது மாமியார்.

"அபா, அத்தா எங்க?"

"சலாம் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னடி அவசரம்?"

"வீட்ல இருக்காரா?"

"நீ போனப்புறம் ஒன்பது மணிக்கு அவரும் கிளம்பிட்டார். கோர்தாய்க்கு. சம்பந்தி வீட்டுக்காரங்க போன் பண்ணினாங்க, கல்யாணத் தேதி பேசணும்னு. அவரோட மூத்த அக்காவையும் கூட்டிட்டுப் போயிருக்கார்."

"எதுல போனாங்க? ஜீப்லயா?"

"இல்ல, குதிரையில! எழுபது வயசு மனுஷன், எழுபத்தெட்டு வயசு கிழவிய முன்னாடி உட்கார வெச்சுக்கிட்டு! என்ன கேள்வி இது?"

"போன ஏன் வெச்சுட்டுப் போனார்?"

"ஜன்னல்ல கிடக்கு. அவர் என்னிக்கு அத எடுத்துட்டுப் போயிருக்கார்? ரௌஷான், ஏன்டி பேசமாட்டேங்கறே?"

"ஒண்ணுமில்ல, அபா. அப்புறம் கூப்பிடறேன்."

ஒன்பது மணி. அவள் முதல் அழைப்பில் இருந்தபோது அவர் வண்டியை எடுத்திருக்கிறார். கோர்தாய், கணவாய்க்குப் பின்னால் இருக்கிற ஊர். ஏறுவது ஒன்றுமில்லை. இறங்குவதுதான். பத்து கிலோமீட்டருக்கு மேல், பிப்ரவரிக் குளிரில், ஒரே இறக்கம்.

ஜானெலின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. சாலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, பனிமூட்டம்னு கணவாயை மூடியிருக்காங்க. பதினோரு மணியிலேர்ந்து. வண்டிய எல்லாம் உச்சியிலயே நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எப்ப திறக்கறாங்க?"

"ஒண்ணரைக்கு."

சுவரில் மணி ஒன்று பத்தொன்பது.

"நீ கணவாய்ச் சாவடிக்கு அடி" என்றாள் ரௌஷான். அவள் கை ஏற்கெனவே நீல நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஏழாவது புகார். ராத்திரி வெளியே மறந்த மாவு.

ஐந்தாவது முறை மணி அடித்ததும் கம்ஷத் எடுத்தாள். "யாரு? சத்தமாப் பேசுங்க, ரெண்டு பஸ் ஜனம் இங்க உட்கார்ந்திருக்கு!"

"ரௌஷான். லூமெரா சேவை நிலையம்."

"மறுபடியுமா? என் புருஷன் நம்பிட்டான், போதும்!"

"கம்ஷத், உங்க கடையில என் மாமனார் இருக்கணும். நம்ம வண்டிதான். வால்வு மாத்தலை. வழி திறந்தா இறங்கிடுவார்."

கம்ஷத்தின் குரலில் இருந்த விளையாட்டு அப்படியே நின்றது. அந்த இறக்கத்தில் மிதி கல்லானதை அனுபவித்தவள் அவள். "எப்படி இருப்பார்?"

"உயரம். நரி ரோமத் தொப்பி."

"இங்க எல்லாக் கிழவனும் உயரம்தான், எல்லாக் கிழவனும் தொப்பிதான். வெளிய போய் வண்டியப் பார்க்கலாம்னா என் கையே எனக்குத் தெரியலை. வெள்ளை லூமெராக்காரர் யாருன்னு மைக்கில கேக்கட்டுமா?"

"எழுந்திருக்கமாட்டார். அது மகனோட வண்டின்னுதான் சொல்வார். தன்னோடதுன்னு சொல்லவே மாட்டார்."

"அப்ப பேரச் சொல்லுங்க."

ரௌஷான் திரும்பி ஜானெலைப் பார்த்தாள். ஜானெல் காதில் போனை வைத்தபடி இல்லை என்று தலையை ஆட்டினாள். சாவடியின் போனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பேரு?" என்றாள் கம்ஷத். "ஜனங்க கோட்டு மாட்டறாங்க. இருங்க, இருங்க. நான் கூப்பிட்டா சாப்பாடு தயார்னு நெனைப்பாங்க. மைக்கை போன்கிட்ட வைக்கறேன், நீங்களே கூப்பிடுங்க. வெச்சாச்சு. ம்."

போனை ஜானெலிடம் நீட்டியிருக்கலாம். ஒரு நொடி வேலை. பிறகு பல நாள் ரௌஷான் இதை யோசித்தாள். ஆனால் அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது வேறு: காலையில் இந்தப் பெயரைத் தாண்டிப் போனது என் வாய். திரும்பக் கூப்பிட வேண்டியதும் அதுதான்.

"நுசிப்பெக்" என்றாள்.

குரல் எழும்பவில்லை. போனை வாயருகே கொண்டுபோனாள்.

"நுசிப்பெக் கம்பாருலி! அல்மாட்டியிலேர்ந்து வந்த நுசிப்பெக் கம்பாருலி! தயவு செஞ்சு போனுக்கு வாங்க!"

மலை உச்சியில் ஒரு ஒலிபெருக்கியில் அவள் குரல் அவளுக்கே திரும்பக் கேட்டது. அவ்வளவு சத்தமும் அடங்கியது. தட்டில் கரண்டி வைக்கும் ஓசை ஒன்று. பிறகு எதுவும் இல்லை.

ரௌஷான் காத்திருந்தாள். எத்தனையோ மௌனங்களைப் பொறுமையாகக் கேட்டவள். இதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. கனமான காலடிகள்.

"யாரு?"

"நான்தான், அத்தா. ரௌஷான்."

மிக மெதுவாக அவர் கேட்டார்:

"யாரு செத்தது?"

அவர் வேறு என்ன நினைப்பார்? இந்த வாய் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமானால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும்.

"யாரும் இல்ல, அத்தா. எல்லாரும் நல்லா இருக்காங்க. யாரும் சாகக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

சொன்னாள். பிரேக், வால்வு, பதினொரு பேர். காலையில் பட்டியலில் அவரைத் தாண்டிப் போனதையும் மறைக்காமல் சொன்னாள்.

"மருமகளே" என்றார் அவர், "நான் முப்பது வருஷம் லாரி ஓட்டினவன். இதே கணவாயில, பிரேக்கே இல்லாம, ரெண்டு தடவை இறங்கியிருக்கேன்."

"தெரியும், அத்தா. அப்ப பின்னாடி அக்கா உட்காரலை. லாரில நிலக்கரி இருந்துச்சு."

அதற்குள் யாரோ கதவைத் திறந்து, "வழி விட்டாச்சு!" என்று கத்துவது கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன.

"சாவிய இந்த அம்மாகிட்ட குடுத்துடறேன்" என்றார் அவர். "நாங்க பஸ்ல போறோம். அக்காவுக்குப் பஸ்தான் பிடிக்கும், நாலு பேரோட வம்பு பேசலாம்."

ரௌஷான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "மன்னிச்சிருங்க, அத்தா. அத்தனை பேர் முன்னால..."

"எதுக்கு? இந்த வீட்டுக்கு வந்த பொம்பளை யாரும் என் பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அது இவ்வளவு நீளம்னு எனக்கே மறந்துபோச்சு." அவர் செருமினார். "நல்லா கணீர்னு கூப்பிட்ட. பக்கத்துல ஒருத்தன், மந்திரி யாரோ கூப்பிடறாங்க போலன்னு எழுந்து நின்னுட்டான்."

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் நின்றது.

"இந்தப் பையன் சொன்னத அப்பவே கேட்டிருக்கணும்" என்றார் அவர், போனை வைக்கப்போகிறவர் போல.

"எந்தப் பையன்?"

"பெரியவன்தான். மூணு வாரம் இருக்கும். வீட்டுக்கு வந்தான், தேநீர்கூடக் குடிக்கலை. 'இந்த வண்டிய மலைப் பக்கம் எடுத்துட்டுப் போகாதீங்கப்பா'ன்னான். ஏன்டான்னேன். 'சும்மாதான், போகாதீங்க'ன்னான். உன்கிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னான். அவன் சொல்லி நான் எப்ப கேட்டிருக்கேன்? சரி, பஸ்ஸு கிளம்புது."

போன் வைக்கப்பட்டது.

ஜானெல் ஓடி வந்து ரௌஷானைக் கட்டிக்கொண்டாள். "அக்கா! பேரச் சொல்லிட்டீங்க! நான் கேட்டேன்! தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்!" அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ரௌஷானின் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டாள்.

மூன்று வாரம்.

போன வாரம் தலைமை அலுவலகத்துக்காரர்கள் முன்னால், எல்லாம் ஓட்டத் தெரியாதவர்களின் புகார் என்று சொன்னவர். தன் தகப்பனை மட்டும் மலைப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். மற்ற இருநூற்றுப் பதிமூன்று பேருக்கும் தகப்பன் உண்டு, பிள்ளை உண்டு.

ரௌஷான் நீல நோட்டை முன்னால் இழுத்தாள். பதினொன்றுக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். பன்னிரண்டு என்று எழுதினாள். தேதி. வண்டி. உரிமையாளர் என்ற இடத்தில் அந்தப் பெயரை முழுவதும் எழுதினாள். இப்போது கை எங்கும் நிற்கவில்லை. அதன் கீழே, வழக்கம்போல், சொன்னவரின் வார்த்தையை மாற்றாமல்: 'மூணு வாரம் இருக்கும். மலைப் பக்கம் எடுத்துட்டுப் போகாதீங்கன்னான்.'

படிக்கட்டில் காலடி கேட்டது. தொழுகை முடிந்து வந்த தௌலெத்கான் கதவருகே நின்றார். தொப்பியில் பனித்துகள். முகம் அமைதியாக இருந்தது.

"என்ன, எல்லாரையும் கூப்பிட்டாச்சா?"

"கூப்பிட்டாச்சு, மிர்சா ஆகா" என்றாள் ரௌஷான். "ஒருத்தர்கிட்ட மட்டும் இன்னும் பேசலை."

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு பேசாமல் காத்திருந்தாள்.